காப்பில் கட்டிய மஞ்சள் கிழங்கு

என் முகத்தைப் பார்த்து நானே திகைத்துப் போனது அந்த வீடியோவில்தான். அப்போது என்னால் வாயைத் திறக்க முடியாது. இடது கன்னத்தில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி போட்டிருந்தார்கள். தாடை வீங்கிப் போய், கஞ்சியைக்கூட ஸ்பூனில் எடுத்து வலது ஓரமாக விட்டு விழுங்கிக்கொண்டிருந்தேன். மகள் கட்டிலில் வந்து உட்கார்ந்து செல்போனை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"பாரும்மா, நீதான்."

நான்தான். மஞ்சள் புடவை, அவிழ்ந்த தலைமயிர், நெற்றி நிறைய குங்குமம். சுற்றிலும் ஜனம். பம்பைச் சத்தத்தில் போனே அதிர்கிறது. எதிரே, எங்கள் தெருவில் வருஷா வருஷம் ஆடி மாதத்தில் பக்தர்களுக்கு வேல் குத்துகிற அண்ணாத்தே நிற்கிறார். ஒரு கையில் விபூதித் தட்டு, இன்னொரு கையில் வேல். குனிந்து என்னிடம் ஏதோ கேட்கிறார். என் உதடு அசைகிறது. பம்பை எல்லாவற்றையும் மூடிவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டுகிறாள். வேல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிறது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தொட்டிலில் தூங்குகிற பிள்ளைக்குத்தான் அப்படி ஒரு முகம் இருக்கும்.

இதில் எதுவுமே எனக்கு ஞாபகம் இல்லை.

"பாத்தியாக்கா? இன்னா அநியாயம் இது" என்றான் என் தம்பி. சேக்காட்டிலிருந்து செய்தி கேட்டு ஓடி வந்திருந்தான். கால் டாக்சி ஓட்டுகிறவன். கோபம் வந்தால் ஹாரன் அடிப்பதுபோலத்தான் பேசுவான். "பால்கொடம் எடுக்கப் போன பொம்பளைய புட்ச்சி கன்னத்துல கம்பி வுட்டுக்கீறான். இத்த சும்மா வுடறதா? கேஸ் போடணும்."

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "இவளா போயி நின்னாளா, அவுரா குத்தினாரான்னு தெரியாம எப்பிடிடா?"

"அக்காவையே கேளு மாமா!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கோ வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சம்மதித்தேன் என்றால் அண்ணாத்தே குற்றமற்றவர். சம்மதிக்கவில்லை என்றால், ஒரு பெண்ணை நாலு பேர் நடுவில் காயப்படுத்தியவர். அவர் எதுவாக இருந்தார் என்பது என் ஒருத்தியின் சொல்லில் இருந்தது. அந்தச் சொல் எனக்குள்ளே எங்கேயும் கிடைக்கவில்லை.

எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில், கம்பெனிகள் இருக்கிற எஸ்டேட்டுக்குப் பின்னால். காலையில் கம்பெனிச் சங்கு ஊதும்போது எங்கள் வீட்டுக் கிரைண்டரும் ஓடத் தொடங்கும். இட்லி மாவு அரைத்துத் தெருவுக்குக் கொடுக்கிறேன். தெருக்கோடியில் அம்மன் கோயில். கோபுரம் கிடையாது. முன்னால் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே அவள். தினமும் ஒரு கிண்ணம் மாவைத் தனியாக எடுத்து வைத்து, அதில் ஊற்றும் முதல் இட்லியை அவளுக்குக் காட்டிவிட்டுத்தான் வியாபாரம். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். எனக்கு இருந்த படிப்பெல்லாம் அவள் முகம்தான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் உண்மை.

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்கு. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே ரத்தத்தில் ஏதோ இறங்கிக்கொண்டே போகிறது என்கிறார்கள். அப்போது வேண்டிக்கொண்டேன். அம்மா, இவளை எழுப்பி உட்கார வை, ஆடியில் உனக்கு ஒரு குடம் பால் எடுத்து வருகிறேன். அவ்வளவுதான் வேண்டுதல். பால் மட்டும். வேல் குத்துவது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். ஆடி வந்தது. நானும் கோயிலுக்குப் போய் காப்புக் கட்டிக்கொண்டேன். காப்பு என்றால், வேண்டுதல் முடியும்வரை கையில் கட்டிக்கொள்கிற மஞ்சள் நூல். அதைக் கட்டிய பிறகு கறி மீன் இல்லை, கட்டில் மெத்தை இல்லை, ஊர் எல்லை தாண்டுவதில்லை.

பூசாரி வெறும் நூலைத்தான் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், மணிக்கட்டு மூளியாக இருக்கிறது. என் தாய்வீடு திருவள்ளூர் பக்கம். அங்கே காப்பு என்றால் நூலில் ஒரு மஞ்சள் கிழங்கு கோத்திருக்கும். பால் எடுப்பவர், தீ மிதிப்பவர், கூழ் ஊற்றுபவர், எல்லார் கையிலும் கிழங்கு. என் அம்மாவின் கையில் அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதோடு மாவு வழித்து வழித்து நூலும் தளர்ந்து போயிருந்தது. விளக்கை ஏற்றினேன். அஞ்சறைப் பெட்டியிலிருந்து நல்ல விரலி மஞ்சளாக ஒன்றை எடுத்து நூலில் கோத்து, அம்மா காப்பாற்று என்று சொல்லி இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் கை நிறைந்த மாதிரி இருந்தது.

எங்கள் தெருக் கோயிலில் கிழங்கு கட்டுவது வேல் குத்திக்கொள்பவர்கள் மட்டும்தான். அது எனக்குத் தெரியாது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து இந்தத் தெருவில்தான் இருக்கிறேன். ஆனால் ஆடித் திருவிழாவில் நான் பார்த்ததெல்லாம் அம்மன் முகத்தைத்தான். அடுத்தவர் மணிக்கட்டை ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்றைய தினத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். கொரட்டூர் ஏரிக்கரையில் பால்குடங்களை வைத்துப் பூஜை போட்டார்கள். ஏரியில் நிறைய தண்ணீர் இருந்தது. வெயில் ஏறியும் ஏறாத நேரம். தண்ணீர் மேல் வெளிச்சம் மீன் செதில் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. குடத்தைத் தலையில் ஏற்றினார்கள். பாலின் கனம் கழுத்தில் இறங்கியது. தெருவில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள், பாதம் குளிர்ந்தது. எங்கோ வேப்பிலை கசங்கிய வாசனை. பம்பைக்காரர்கள் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சத்தம் பின்னால் கேட்கவில்லை, என் வயிற்றுக்குள்ளிருந்து கேட்டது.

அப்புறம் ஒரு மஞ்சள் நிறம். அதை எப்படிச் சொல்வது? மஞ்சள் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதில் நான் கால் பாவாமல் போய்க்கொண்டிருந்தேன். பயம் இல்லை. மகள், வீட்டுக்காரர், கிரைண்டர், கடன் ஒன்றும் இல்லை. யாரோ என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட மாதிரி, அந்த இடுப்பின் சூடு மட்டும் இருந்தது.

பிறகு தகரக் கொட்டகையின் நிழல். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். வாயில் உப்பு ருசி. கன்னத்தைத் தொட்டேன். விரலில் விபூதியும் ரத்தமும். என் குடத்துப் பாலை வேறு யாரோ வாங்கி அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

வேல் எடுத்தவர்களுக்கு விபூதி வைத்து அழுத்தினால் ஆறிவிடும். எத்தனையோ பேருக்கு ஆறியிருக்கிறது. எனக்கு ஆறவில்லை. வீட்டுக்காரர் ஊசி போட்டுக்கொள் என்று சொன்னார். அம்மன் குத்தியதை அம்மனே ஆற்றுவாள் என்று நான்தான் இருந்துவிட்டேன். சீழ் கோத்துக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கன்னத்தைக் கீறித்தான் எடுத்தார். அதற்கு ஒரு காகிதத்தில் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

நான் படுக்கையில் இருந்தபோதுதான் தம்பி அண்ணாத்தேயின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்தான். அவர் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவர், கை இரும்பு மாதிரி. "கைய எடு நைனா" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இவன் எடுக்கவில்லை. அவர் தட்டிவிட்டார். இவன் பின்னால் போய் மூடியில்லாத சாக்கடையில் உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கத்தினான்: "ரெண்டு கேஸு! உனுக்கு ஒண்ணு, எனுக்கு ஒண்ணு!"

வாய் கொஞ்சம் திறக்க ஆரம்பித்ததும் என்னைப் பூந்தமல்லிக்கு ஒரு வக்கீலம்மாவிடம் அழைத்துப் போனான். கோர்ட்டுக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் சின்ன அறை. சுவரில் மாதா படம், அதைச் சுற்றி சீரியல் பல்பு. வக்கீலம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தம்பி முன்னாலேயே போனில் விஷயத்தைச் சொல்லி நோட்டீஸ் எழுதி வைக்கச் சொல்லியிருந்தான். வீடியோவைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார்.

"எங்க சாமி ஒரு கன்னத்துல அடிச்சா மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரு. நீங்க ரெண்டையும் ஒரே நேரத்துல குடுத்திருக்கீங்களேம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கன்னம் வலித்தது. அவரைப் பிடித்துப் போயிற்று.

தம்பி ஆரம்பித்தான். "மொதல்ல என்னுத எட்த்துக்குங்க மேடம். என்ன சாக்கடைல தள்ளிட்டான்."

"யார் முதல்ல கை வெச்சது?"

"சட்டையத்தான் புட்ச்சேன். அடிக்கல."

"சட்டையைப் பிடிச்சா அடுத்தது அடின்னுதானே அவர் நினைப்பாரு? தன் உடம்பைக் காப்பாத்திக்க, தேவையான அளவுக்கு ஒருத்தர் கையைத் தட்டிவிட்டா அது குத்தம் இல்ல. தற்காப்பு. சாக்கடைக்கு மூடி போடாதவங்க மேல வேணா உங்களுக்கு ஒரு கேஸ் பாக்கலாம்."

தம்பி முகம் சுருங்கியது. "செரி, அத்த வுடுங்க. அக்காவுத சொல்லுங்க."

வக்கீலம்மா என் பக்கம் திரும்பிச் சொன்னார். அவர் சொன்னது எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். ஒருவரை வேண்டுமென்றே தொட்டுக் காயப்படுத்தினால் அவர் மேல் வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் காயப்படுத்தியவருக்கும் சட்டம் சில பதில்களை வைத்திருக்கிறது. தற்காப்பு ஒரு பதில். ஆபத்து இன்னொரு பதில். வீடு பற்றி எரியும்போது பூட்டை உடைத்து உள்ளே வந்தவனை, ஏன் உடைத்தாய் என்று கேட்க முடியாது. எல்லாவற்றுக்கும் பெரிய பதில் சம்மதம்.

"டாக்டர் உங்க கன்னத்தைக் கீறினாரே, அதுவும் காயம்தான். நீங்க சம்மதிச்சதால அது வைத்தியம். இவரும் அதையேதான் சொல்லுவாரு. அவங்களா வந்து நின்னாங்க, அவங்களே கேட்டாங்கன்னு."

"சாமி வந்தவளுக்கு இன்னா மேடம் சம்மதம்?" என்றான் தம்பி.

"அதைத்தான் நோட்டீஸ்ல எழுதியிருக்கேன். சுயநினைவு இல்லாதப்ப சொன்ன 'சரி' சட்டத்துல சரி ஆகாது. மயக்கத்துல இருந்தாங்க, தான் யாருன்னே தெரியாத நிலைமையில இருந்தாங்க, அப்படின்னு எழுதியிருக்கு. அக்கா கையெழுத்துப் போட்டா அனுப்பிடலாம்."

காகிதத்தை என் முன்னால் வைத்தார். மயக்கம் என்ற சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆபத்துக்குக் கதவை உடைப்பது என்று அவர் சொன்னதும் என் மனசு வேறெங்கோ போய்விட்டிருந்தது. ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்த வருஷம், நானும் மகளும் உள்ளே மாட்டிக்கொண்டோம். கதவு ஊறி உப்பித் திறக்கவில்லை. கடப்பாரையால் பின்கதவைப் பிளந்து என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் போனவர் இந்த அண்ணாத்தேதான். அந்தக் கதவில் பலகை வைத்து அடித்த ஒட்டு இன்னும் இருக்கிறது. ஏன் உடைத்தீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

வக்கீலம்மா வீடியோவை மறுபடி ஓடவிட்டு, ஓர் இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினார். "கையில இது என்ன?"

"காப்பு" என்றான் தம்பி.

"அது தெரியுது. அதுல தொங்குறது?"

கிழங்கு என்று நான் வாயின் ஓரத்தால் சொன்னேன். என் தாய்வீட்டு வழக்கத்தையும், இந்தத் தெரு வழக்கம் வேறு என்று வீட்டுக்காரர் இப்போதுதான் விசாரித்து வந்து சொன்னதையும் சொன்னேன். வக்கீலம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"இது அவருக்குப் பெரிய பலம்மா. மனசுக்குள்ள நீங்க என்ன நினைச்சீங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்? வெளியில காட்டின அடையாளத்தைப் பாத்து, அந்த ஊர் வழக்கப்படி நியாயமா நம்பினாருன்னா, அதையும் சம்மதமா எடுத்துக்க இடம் இருக்கு. ஆனா அந்த அடையாளத்துக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியாதுன்னு நாமளும் சண்டை போடலாம். ஜட்ஜ் எந்தப் பக்கம் சாய்வாருன்னு சொல்ல முடியாது." பிறகு தம்பியைக் கீழே டீ வாங்கி வர அனுப்பிவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "அவங்க எல்லாரும் சொல்றதை விடுங்க. நீங்க என்னம்மா சொல்றீங்க?"

காயம் பட்ட நாளிலிருந்து இதை என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று சைகை காட்டினேன்.

தம்பியின் வண்டியில் திரும்பும்போது வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் வழிகிற தண்ணீருக்குப் பின்னால் கடைகளும் வண்டிகளும் கரைந்து கரைந்து போயின. சம்மதிக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால், அன்றைக்கு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவளை மயக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சம்மதித்தேன் என்று சொல்ல வேண்டுமானால், தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்ல வேண்டும். இரண்டுமே பொய். அவளுக்கு முன்னால் எந்தப் பொய்யோடு போய் நிற்பேன்?

இதற்கிடையில் தெருவில் ஒரு செய்தி. அண்ணாத்தே கன்னத்தில் குத்துகிற அந்த வேலை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் பூசாரியிடம் கொடுத்துவிட்டாராம். இனி தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். கோயிலுக்கும் உள்ளே வருவதில்லை. வேலை முடிந்து போகும்போது தெருவிலிருந்தபடியே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு, அவ்வளவுதான். அவர் மனைவி என்னிடம் மாவு வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு சாயங்காலம், எஸ்டேட் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் கழித்து, நான் அவர் வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், ஆயில் கறை படிந்த சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வா தங்கச்சி. ஒக்காரு."

உள்ளே அவர் மனைவி இருப்பது பாத்திரச் சத்தத்திலேயே தெரிந்தது. ஒவ்வொரு கிண்ணத்தையும் என் தலையில் வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கேஸ் போடறதுன்னா போட்டுக்கோ" என்றார் அண்ணாத்தே. "அதுல எனுக்கு ஒண்ணியும் வருத்தம் இல்ல. ஒன்னோட மூஞ்சி அது. ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. நான் ஒன்னாண்ட கேட்டேன், 'தாயே, உத்தரவா'ன்னு. தல ஆடுனா மாறி இர்ந்துச்சி. கையில கெழங்கு கீது. குத்திட்டேன். இப்போ லேத்தாண்ட நின்னாக்கூட கை நடுங்குது. வேணாம்னு சொன்ன பொம்பளைய குத்திட்டனோன்னு. நீ சம்மதிச்சியா, இல்லியா?"

"தெரியலண்ணே" என்றேன். வார்த்தை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டுதான் வந்தது. "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. வீடியோவப் பாத்தா யாரோ மாறி கீது."

அவர் கோயில் இருக்கிற திசையைப் பார்த்தார். "அப்போ யாராண்ட போயி கேக்கறது, சொல்லு."

"ஆனா கெழங்கு கட்டுனது நான்தாண்ணே. அது ஞாபகம் கீது. எங்க ஊருல எல்லாரும் கட்டுவோம். பால்கொடத்துக்கும் கட்டுவோம். இங்க அதுக்கு வேற அர்த்தம்னு எனக்குத் தெரியாது."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவர் மனைவி கதவுக்கு வந்துவிட்டாள்.

"இத்தன வருசமா இந்தத் தெருவுலியே கீற, இது தெரியாதா ஒனுக்கு?" என்றாள். "நல்லா கும்புட்ட போ சாமிய!"

"நான் அம்மனத்தான் பாத்தேன், கைய யாரு பாத்தா?"

"இன்னாமே நீ சண்ட போடற" என்று மனைவியை அடக்கிவிட்டு அண்ணாத்தே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தெருவில் சைக்கிள்கள் போயின. யார் வீட்டிலோ தாளிக்கிற வாசனை. கடைசியில் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்: "பம்பை அட்ச்சிகினு கீறப்போ கேட்டா இன்னா வெளங்கும்? கேக்கறதுன்னா அதுக்கு முன்னாலியே கேட்டு இர்க்கணும்."

நான் கிளம்பும்போது அவர் மனைவி டீ டம்ளரைக் கையில் திணித்தாள். "கன்னம் ஆறிடிச்சா? சூடா குடிக்காத, ஆற வெச்சி குடி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கடை மாவுல இட்லி சுட்டா செவுத்துல அடிக்கலாம், அப்பிடி கீது. நாளைக்கி ஒரு கிலோ எட்த்து வை" என்றாள்.

மறுபடி பூந்தமல்லிக்குப் போனோம். தம்பி பேனாவை மூடி கழற்றி என் கையில் கொடுத்தான். நான் அதை மேஜை மேல் வைத்தேன். இப்போது எனக்குப் பேச வந்தது.

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியாததை எழுதி கையெழுத்துப் போடமாட்டேன். அம்மா வந்ததை மயக்கம்னும் எழுதமாட்டேன். கிழங்கு கட்டினது நான், நல்ல நினைவோட, விளக்கு முன்னாடி கட்டினேன். அதைப் பாத்துதான் அவரு குத்தினாரு. பாத்து நம்பினது அவர் தப்பு இல்ல. சீழ் புடிச்சது, ஊசி போட்டுக்காம நான் இருந்ததால. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

வக்கீலம்மா காகிதத்தை எடுத்து நாலாக மடித்தார். "கோர்ட்ல இப்படி ஒரு சாட்சி கெடைக்க நான் எத்தனை நாளா காத்துக்கிட்டிருக்கேன். நீங்க என்னடான்னா கேஸே வேணாங்கிறீங்க" என்றார்.

"அப்போ நான் சாக்கடைல வுய்ந்தது வேஸ்ட்டா?" என்றான் தம்பி.

வக்கீலம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. தெருமுனையில் இறக்கிவிட்டபோது, "ஒன் மூஞ்சிக்கா அது. கண்ணாடில பாக்கறப்போ எல்லாம் தெரியுமே, அதான் எனுக்கு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அவன் அன்பு எப்போதும் அப்படித்தான், சண்டைக்காரன் சட்டை போட்டுக்கொண்டு வரும்.

இந்த வருஷம் ஆடி வந்தது. வேல் குத்த ஆள் இல்லை என்று கோயில்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து கூப்பிடலாம் என்றார்கள். நான் அண்ணாத்தே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்: "என் பால்குடம் பாக்கி கீதுண்ணே. போன தடவ யாரோ வாங்கி ஊத்திட்டாங்க, நான் பாக்கவே இல்ல. ஊத்துனா மாறியே இல்ல எனக்கு. இந்தத் தடவ எனக்கு நீங்கதான் காப்பு கட்டி வுடணும்."

"நானா?"

"நீங்கதான்."

காப்புக் கட்டுகிற நாள் காலையில், எல்லாருக்கும் தானே கட்டுவதாகப் பூசாரியிடம் சொல்லியிருந்த அவர் குளித்துவிட்டு வந்தார். போன ஆடிக்குப் பிறகு அன்றுதான் கொட்டகைக்குள் காலடி வைத்தார். பம்பை இல்லை, உடுக்கை இல்லை. சாம்பிராணிகூடப் போடவேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். தகரத்தின் ஓட்டைகள் வழியே வெயில் சின்னச் சின்னக் காசுகளாகத் தரையில் விழுந்திருந்தது. அவர் முன்னால் தாம்பாளத்தில் மஞ்சள் நூல் ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம். வரிசையில் வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திப் பேர், வேண்டுதல், என்ன எடுக்கிறாய் என்று கேட்டார். வேல் என்று சொன்னவர்களிடம், வீட்டில் தெரியுமா, சக்கரை வியாதி உண்டா, ஊசி போட்டுக்கொள்வாயா என்றெல்லாம் கேட்டார். "இன்னாண்ணே, அம்மன் கோயிலா, ஆஸ்பத்திரியா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினான். "வேல் ஒன் கன்னத்துல போவட்டும், அப்போ கேளு மாமே" என்று இவரும் திருப்பிக் கொடுத்தார்.

என் முறை வந்தது. கையை நீட்டினேன். கன்னத்துத் தழும்பை அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தார்.

"இன்னா எடுக்கற தங்கச்சி?"

"பால்குடம்ணே."

"பால்கொடம் மட்டுந்தான்?"

"மட்டுந்தான்."

"கெழங்கு?"

"வேணாம்ணே. வெறும் நூல் போதும்."

"ஊர்ல கட்டுவாங்க, வூட்ல போயி கோத்துக்கறேன்னு..."

"கோத்துக்க மாட்டேண்ணே!"

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்காமல் நூலை மணிக்கட்டில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். எனக்குப் பின்னால் நின்ற பெண் வேல் என்றாள். அவர் அவளிடமும் அப்படியே கேட்டார். அவள் ஆமாம் என்றாள். இன்னொரு தடவை கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அப்போதுதான் தாம்பாளத்திலிருந்து ஒரு கிழங்கை எடுத்தார். நான் அவர் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழங்கில் நூல் ஒரே தடவையில் கோத்துக்கொண்டது.

பால் எடுத்த அன்று ஏரியில் அதே வெளிச்சம். அதே குளிர்ந்த தெரு. பம்பை பின்னாலிருந்து மெல்ல மெல்ல என் வயிற்றுக்குள் வந்தது. மஞ்சள் நிறம் ஓரத்தில் தெரிந்தது, கதவை மூடாமல் வைத்துவிட்டுப் போன அறை மாதிரி. நான் ஆடினேன் என்றுதான் மகள் சொல்கிறாள். ஆடியிருப்பேன். ஆனால் கொட்டகைக்குள் வந்தபோது, பூசாரியிடமிருந்து திரும்ப வாங்கிய வேலோடு நின்ற அண்ணாத்தே என் மணிக்கட்டைப் பார்த்தார். தள்ளி நின்று எனக்கு வழி விட்டார்.

குடத்தை நானே இறக்கினேன். நானே சாய்த்தேன். பால் அம்மன் தலையில் விழுந்து, நெற்றியில் இறங்கி, இரண்டு கன்னத்திலும் வழிந்து, பாதத்துக்குப் போய்ச் சேருகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.